தொடாமலே இயக்கும் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

கையை அசைத்தால் கருவிக்கு எப்படிப் புரிகிறது என்று கேட்டுச் சில மாதங்களாகவே கடிதங்களும் மின்னஞ்சல்களும் வந்துகொண்டிருக்கின்றன. இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியும், உடலசைவைப் பார்க்கும் அதன் கினெக்ட்டும் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகின்றன. அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாடினாலும் என் கை, கால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. இருட்டில் எப்படிப் பார்க்கிறது?
பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

இருட்டு நமக்குத்தான். கினெக்ட் தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தானே பாய்ச்சிக்கொள்கிறது, அது அகச்சிவப்பு என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. கருவியின் முகப்பில் மூன்று கண்கள் இருக்கின்றன இல்லையா, அதில் ஓர் ஓரத்தில் இருப்பது கேமராவே கிடையாது, சின்ன லேசர் புரொஜெக்டர். உங்கள் மேல், சோபா மேல், சுவர் மேல் என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் தெளிக்கிறது. மறு ஓரத்தில், ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் தள்ளி, அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் கேமரா. நடுவில் இருப்பதுதான் சாதாரண வண்ணக் கேமரா, இருட்டில் அதற்கு வேலையில்லை.

அந்த ஏழரை சென்டிமீட்டர் இடைவெளிதான் தூரத்தை அளக்கிறது. முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் அதைத் திறந்து மறு கண்ணை மூடுங்கள். விரல் பக்கவாட்டில் தாவும். விரல் அருகில் இருந்தால் பெரிய தாவல், கையை நன்றாக நீட்டினால் சின்னத் தாவல். புள்ளிகளும் அப்படித்தான் நகர்கின்றன. சுவரில் விழுந்த புள்ளி ஓரிடத்தில் தெரிகிறது, அதே புள்ளி குறுக்கே வந்த உங்கள் கையில் விழுந்தால் சற்றுத் தள்ளித் தெரிகிறது. எவ்வளவு தள்ளி என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். எந்தப் புள்ளி எது என்று குழம்பாமல் இருக்க, புள்ளிகளை வரிசையாக அடுக்காமல் ஒழுங்கில்லாமல் சிதறவிட்டிருக்கிறார்கள். ஒரு சிறு பகுதியை எடுத்தால் அதே அமைப்பு பக்கத்தில் வேறெங்கும் இருக்காது, எனவே கினெக்ட்டின் சிப் அதை அடையாளம் கண்டுகொள்கிறது. இப்படி வினாடிக்கு 30 முறை, ஒவ்வொரு முறையும் 640க்கு 480 என்ற கட்டத்தில், எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஒரு வரைபடம் வந்துகொண்டே இருக்கும். இந்தத் தொழில்நுட்பம் பிரைம்சென்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்துடையது. 2010 நவம்பரில் கினெக்ட் கடைக்கு வந்து முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. 2013இல் பிரைம்சென்ஸை ஆப்பிள் வாங்கியது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ் முகத்தின் மேல் 30,000க்கும் அதிகமான புள்ளிகளை வீசி ஆளை அடையாளம் காண்கிறதே, அதுவும் இதே வழிதான், அளவு மட்டும் நகக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

ஆனால் தூரம் தெரிந்தால் மட்டும் போதாது. வரைபடத்தில் எது கை, எது சோபாவின் கைப்பிடி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கினெக்ட்டைக் கொண்டுவந்த மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் ஜேமி ஷாட்டன் குழுவினர் உடலை 31 துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாக "நான் எந்தத் துண்டு?" என்று கேட்க வைத்தார்கள். கேள்விகள் மிகவும் எளிமையானவை: எனக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் இடம் என்னைவிடத் தூரத்தில் இருக்கிறதா, இடப்பக்கம் இருக்கும் இடம் எப்படி? தலையுச்சிக்கு மேலே சுவர்தான் இருக்கும், வயிற்றுக்கு மேலே மார்பு இருக்கும். இப்படிக் கேள்வி மேல் கேள்வியாகக் கிளை பிரிந்து போகும் முடிவு மரங்கள் பல சேர்ந்து வாக்களித்து, இது இடது உள்ளங்கை, இது வலது முழங்கால் என்று சொல்லிவிடும். பயிற்சி கொடுக்க, உண்மையான ஆட்களின் அசைவைப் பதிவு செய்து, அதைக் குட்டை, நெட்டை, ஒல்லி, பருமன் என்று கணினியில் செய்த பலவகை உடல்களுக்கு மாட்டி லட்சக்கணக்கான படங்களைத் தயாரித்தார்கள். முந்தைய படத்தில் கை எங்கே இருந்தது என்ற நினைவே இதற்குத் தேவையில்லை. அதனால்தான் நீங்கள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் உடனே பிடித்துக்கொள்கிறது. இந்த ஆய்வுக் கட்டுரை 2011இல் கணினிப் பார்வை ஆய்வாளர்களின் சிவிபிஆர் மாநாட்டில் சிறந்த கட்டுரைக்கான பரிசு பெற்றது.

விரல்கள் மட்டும் அதற்குச் சரியாகத் தெரியாது. இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு விரல் சில பிக்சல்கள்தான் வரும். அந்த விளையாட்டுகள் எல்லாமே கையை வீசு, குதி, உட்கார் என்று முழு உடம்பைக் கேட்பது அதனால்தான்.

எங்கள் அலுவலகக் கழிப்பறையில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடுகிறது, கையை ஆட்டினால் மறுபடி எரிகிறது. உள்ளே கேமரா இருக்குமோ என்று தோழிகள் பயப்படுகிறார்கள்.
வாசகி, சென்னை

கூரையில் வெள்ளை பிளாஸ்டிக் முட்டி மாதிரி, மேலே கட்டம் கட்டமாக வரிகளோடு ஒன்று இருந்தால் அது பிஐஆர் சென்சார். நம் உடல் சூடு அகச்சிவப்பாக வெளியேறுவதை உணரும் இரண்டு சிறு படிகத் துண்டுகள் உள்ளே அருகருகே இருக்கும். ஆள் நகரும்போது சூடு முதலில் ஒன்றின் மேலும் பிறகு மற்றதன் மேலும் விழும், அந்த வித்தியாசம்தான் விளக்கைப் போடும். அசையாமல் இருந்தால் வித்தியாசமும் இல்லை, டைமர் முடிந்ததும் விளக்கு அணையும். இரண்டே துண்டுகளை வைத்துக்கொண்டு உருவத்தைப் படம் பிடிக்கவே முடியாது, அது யார் என்றும் அதற்குத் தெரியாது.

அந்தப் பெட்டிக்குள் வேறு யாராவது கேமராவை ஒளித்து வைக்க முடியுமா என்றால், எந்தப் பெட்டிக்குள்ளும் முடியும். எனவே சந்தேகம் வந்தால் பராமரிப்புக்காரரை அழைத்து உங்கள் முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது முழுக்க நியாயமான கோரிக்கை, தயங்க வேண்டியதில்லை. மறுத்தால் போலீசில் புகார் கொடுங்கள்.

என் மோட்டோ போனை இரண்டு முறை வெட்டுவதுபோல ஆட்டினால் டார்ச் எரிகிறது. ஆனால் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே போகும்போது பையில் எரிவதில்லை. எப்படி வித்தியாசம் தெரிகிறது?
வாசகர், தேனி

போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற முடுக்கமானி இருக்கிறது. மிகச் சிறிய சிலிக்கன் கட்டி ஒன்று, அதைவிட மெல்லிய சிலிக்கன் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. போனை வீசினால் கட்டி கொஞ்சம் பின்தங்கும், அதன் ஓரத்தில் சீப்பின் பற்கள் போல இருக்கும் தகடுகளுக்கு இடையே இடைவெளி மாறும், மின்தேக்கத் திறன் மாறும், அதைச் சிப் எண்ணாகப் படித்துக்கொள்ளும். மேசையில் சும்மா வைத்திருந்தாலும் புவியீர்ப்பால் 9.8 (மீட்டர்/வினாடி²) என்று காட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பக்கம் கீழே என்று போனுக்குத் தெரிவதும் படுக்கவைத்தால் திரை திரும்புவதும் இதை வைத்துத்தான். கூடவே கைரோஸ்கோப் இருக்கிறது. அதில் கட்டி ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும், போனைத் திருப்பினால், சுழற்சியால் தோன்றும் கோரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும், அதிலிருந்து எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று கணக்கிடுவார்கள்.

பஸ் குலுக்கல் எல்லாத் திசையிலும் தாறுமாறாக வரும். நீங்கள் வெட்டும்போது ஒரே அச்சில், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், போய்த் திரும்பி மறுபடி போய்த் திரும்பி என்று ஒரு வடிவம் கிடைக்கிறது. மென்பொருள் அந்த வடிவத்துக்காகக் காத்திருக்கிறது. ஒரு வெட்டு போதாது, இரண்டு வேண்டும் என்று வைத்திருப்பதும் வேண்டுமென்றேதான், தற்செயலாக இரண்டு முறை அப்படி ஆடுவது மிக அரிது.

ஒன்று கவனியுங்கள். இந்தச் சென்சார்கள் அசைவைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. முடுக்கத்திலிருந்து இடத்தைக் கணக்குப் போட்டால் பிழை மளமளவென்று வளரும். முடுக்கத்தில் அதே அலகில் 0.01 தவறினால் போதும், 10 வினாடியில் அரை மீட்டர் தள்ளிக் காட்டும். 2006இல் வந்த நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுக் கருவியின் ரிமோட் மூக்கில் ஓர் அகச்சிவப்புக் கேமராவும் வைத்தது இதனால்தான். டிவி மேல் வைக்கச் சொல்லிக் கொடுத்த சென்சார் பட்டையில் சென்சாரே கிடையாது, இரண்டு பக்கமும் அகச்சிவப்பு எல்இடிகள் மட்டும்தான். ரிமோட் அந்த இரண்டு வெளிச்சங்களைப் பார்த்துத் தான் எங்கே குறிவைக்கிறது என்று தெரிந்துகொள்ளும். பட்டை பழுதானவர்கள் அதன் இடத்தில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தும் விளையாடினார்கள். 10 கோடிக்கும் மேல் விற்ற கருவி வீ.

கையசைவில் இயங்கும் என்று சொன்னதால் கூடுதல் விலை கொடுத்து ஒரு டிவி வாங்கினோம். ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோரும் ரிமோட்டுக்கே திரும்பிவிட்டோம். தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லையா?
வாசகர், மதுரை

தொழில்நுட்பம் முதிர்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். கை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்று கிட்டத்தட்ட தீர்ந்துபோன பிரச்சினை. அந்த அசைவை நீங்கள் கட்டளையாகத்தான் செய்தீர்களா என்பதுதான் தீராத பிரச்சினை. வீட்டில் மனிதர்கள் கையை ஆட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். பேசும்போது, கொசு அடிக்கும்போது, குழந்தையைக் கூப்பிடும்போது. எல்லாவற்றுக்கும் சேனல் மாறினால் எரிச்சல் வரும் என்பதால் டிவி செய்கிறவர்கள் கண்டிப்பைக் கூட்டுவார்கள், அப்புறம் நீங்கள் நிஜமாகவே கேட்கும்போதும் அது கண்டுகொள்ளாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட டிவியைத்தான் உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அடுத்தது கை வலி. தோள் உயரத்துக்குக் கையை நீட்டி இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள், தெரியும். ரிமோட்டில் கட்டைவிரலை அரை சென்டிமீட்டர் அசைத்தால் போதும், பொத்தான் அழுந்தியது என்று விரலுக்கே தெரிகிறது. காற்றில் எதுவும் விரலில் தட்டுப்படுவதில்லை.

ஆக, தொட முடிகிற இடத்தில் தொடுவதே நல்லது. தொடக் கூடாத இடத்தில்தான் இதன் அருமை தெரிகிறது. அறுவை சிகிச்சை அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கிருமிநீக்கம் செய்த கையுறையோடு நிற்கிறார், நடுவில் ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மௌஸைத் தொட்டால் மறுபடி கை கழுவி உடை மாற்றி வர வேண்டும், இல்லையென்றால் வேறொருவரிடம் "கொஞ்சம் இடப்பக்கம், இல்லை இல்லை, அதற்கு முந்தைய படம்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கினெக்ட் வெளிவந்த சில மாதங்களிலேயே டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் அதை அரங்குக்குள் கொண்டுபோய்ப் படங்களைக் கையசைவில் புரட்டினார்கள். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலும் ரத்தநாள அறுவை சிகிச்சையில் முயன்றார்கள். விளையாட்டுக்காகச் செய்த ஒரு கருவி அங்கே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

காரில் வைத்ததுதான் எனக்கு உடன்பாடில்லை. 2015இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் உள்கூரையில் ஒரு முப்பரிமாணக் கேமரா வைத்து, விரலைக் காற்றில் சுழற்றினால் பாட்டுச் சத்தம் கூடும்படி செய்தார்கள். பார்க்காமலே கைக்குக் கிடைக்கிற குமிழ் அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

கட்டளை எது என்ற சிக்கலுக்கு நல்ல விடைகள் பழையவையிலேயே இருக்கின்றன. எம்ஐடியில் ரிச்சர்ட் போல்ட் 1980இல் செய்து காட்டிய அமைப்பில், பெரிய திரை முன்னால் உட்கார்ந்து கையால் சுட்டி, வாயால் "அதை அங்கே வை" என்று சொன்னால் படம் இடம் மாறும். கை இடத்தைச் சொன்னது, வாய் எண்ணத்தைச் சொன்னது. 2024இல் வந்த, தலையில் மாட்டிக்கொள்ளும் ஆப்பிள் விஷன் புரோவில் அந்த வேலையைக் கண்ணும் விரலும் பிரித்துக்கொண்டன. எதைப் பார்க்கிறீர்களோ அது தேர்வாகும், கை மடியிலேயே கிடக்கும், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தால் அதுதான் கட்டளை. கை வலியும் இல்லை, குழப்பமும் குறைவு. விலை 3,499 டாலர் என்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகாது.

கூகுள் பிக்சல் 4 போனை இந்தியாவில் விற்கவே இல்லையாமே, அதற்கும் கையசைவுக்கும் சம்பந்தம் உண்டா?
வாசகர், ஓசூர்

உண்டு. 2019இல் வந்த அந்தப் போனின் நெற்றியில் சோலி என்ற குட்டி ரேடார் இருந்தது. 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது, அதாவது அலைநீளம் 5 மில்லிமீட்டர்தான். கை லேசாக அசைந்தாலும் திரும்பிவரும் அலையில் மாற்றம் தெரியும். படம் எடுக்காது, துணி மறைத்தாலும் உணரும். அமெரிக்காவிலேயே தகவல் தொடர்பு ஆணையத்திடம் தனி அனுமதி வாங்கித்தான் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு அனுமதி கிடைக்காததால் போனையே இங்கே கொண்டுவரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அடுத்து வந்த பிக்சல் 5இல் ரேடாரையே எடுத்துவிட்டார்கள். கையில் இருக்கும் போனில் பாட்டை மாற்ற அதன் மேல் காற்றில் கையை வீசுவது யாருக்கும் தேவைப்படவில்லை. 2021இல் அதே ரேடாரைப் படுக்கை அருகே வைக்கும் நெஸ்ட் ஹப் என்ற திரைக் கருவியில் போட்டு, தூங்குபவரின் மூச்சு, புரளுதல் எல்லாவற்றையும் கவனிக்க வைத்தார்கள். அது பொருத்தமான இடம்.

என் தம்பிக்குக் காது கேட்காது. சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை என்று வீடியோக்கள் வருகின்றன. வாங்கித் தரலாமா?
வாசகி, திருச்சி

வாங்காதீர்கள். கையுறையில் இருப்பது விரல் மடிவதை அளக்கும் சென்சாரும் மேலே சொன்ன முடுக்கமானியும்தான். அது கையை மட்டும் படிக்கும். உங்கள் தம்பி சைகை மொழி பேசும்போது கவனித்திருப்பீர்கள், புருவம் உயர்ந்தால் அது கேள்வி, தலையசைவில் மறுப்பு, வாயசைவுக்குப் பொருள் உண்டு, ஒரு ஆளை வலப்பக்கம் வைத்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் காட்டினாலே அவரைக் குறிக்கும். பாதி இலக்கணம் முகத்திலும் முன்னால் இருக்கும் வெளியிலும் இருக்கிறது. இது எதுவும் கையுறைக்குத் தெரியாது. அதோடு எதிரே இருப்பவர் பேசுவது தம்பிக்குப் புரிய அது ஓர் உதவியும் செய்யாது, சுமையை மட்டும் அவன் கையில் மாட்டிவிடும். உலகெங்கும் காது கேளாதோர் பலர் இந்தக் கையுறைகளை எதிர்த்தே பேசியிருக்கிறார்கள்.

கேமரா வழி இதைவிட நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அது முகத்தையும் சேர்த்துப் பார்க்கும். சீன அறிவியல் அகாடமியும் மைக்ரோசாஃப்ட் ஆய்வகமும் 2013 வாக்கில் கினெக்ட்டை வைத்துச் சீனச் சைகை மொழியில் முயன்றன. தனித்தனிச் சொற்கள் ஓரளவு வந்துவிட்டன, சரளமாக ஓடும் உரையாடல் வேறு விஷயம். அதற்குள் தம்பிக்கு நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. தில்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வீடியோவாகவே வெளியிட்டிருக்கிறது, இலவசம். அதை வைத்து வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது, பேசுவதைத் தமிழ் எழுத்தாகக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக் கொடுங்கள். கையுறைப் பணத்தில் நல்ல போனே வாங்கலாம்.

இறுதியாண்டு புராஜெக்டாகக் கையசைவில் பிரசன்டேஷன் ஸ்லைடு மாற்றும் மென்பொருள் செய்யப் போகிறோம். தூரத்தை அளக்கும் டெப்த் கேமராக்களில் எதை வாங்குவது?
பொறியியல் மாணவர்கள் குழு, கோவை

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். கூகுள் 2019இல் வெளியிட்ட மீடியாபைப் என்ற மென்பொருள், லேப்டாப்பின் சாதாரண கேமராவிலேயே கையின் 21 புள்ளிகளைப் பிடித்துக் கொடுக்கிறது. ஸ்லைடு மாற்ற அது தாராளம். அறையில் யார் முன்னால் நிற்கிறார், கை திரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று துல்லியமாக வேண்டும் என்றால் மட்டும் டெப்த் கேமராவைப் பற்றி யோசியுங்கள்.

யோசிக்கும்போது வகை தெரிந்து வாங்குங்கள். புள்ளி வீசும் வகையை மேலே சொன்னேன். ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்து அளப்பது டைம் ஆஃப் ஃபிளைட். ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும், அதை நேரடியாக அளப்பது கடினம் என்பதால், 2013இல் வந்த இரண்டாவது கினெக்ட் போன்றவை ஒளியை அதிவேகமாகக் கூட்டிக் குறைத்து அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கின்றன. அறை மூலைகளில் ஒளி இரண்டு சுவரிலும் மோதி வருவதால் தூரம் தவறும், கருப்புத் துணி ஒளியை விழுங்கிவிடும், கண்ணாடி ஏமாற்றும். மூன்றாவது இரட்டைக் கேமரா வகை. லீப் மோஷன் என்ற சிறு கருவி அந்த வகைதான், இரண்டு அகச்சிவப்புக் கேமராக்களும் சில எல்இடிகளும். மேசை மேல் வைத்து விரல்களை நன்றாகப் பார்க்கும், சில அடி தள்ளிப் போனால் பார்க்காது.

இதைவிட முக்கியமானது நீங்கள் சேகரிக்கப்போகும் பயிற்சித் தரவு. எல்லாக் குழுக்களும் 'வலப்பக்கம் வீசு', 'இடப்பக்கம் வீசு' என்று சைகைகளை நூற்றுக்கணக்கில் பதிவு செய்வார்கள். கட்டளை அல்லாத அசைவுகளை யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். பேசுகிறவர் தலை கோதுவது, துப்பட்டாவைச் சரிசெய்வது, தண்ணீர் பாட்டிலை எடுப்பது, ஸ்லைடில் ஒரு படத்தைச் சுட்டுவது, இவற்றை நிறைய எடுத்து 'ஒன்றுமில்லை' என்று பெயர் கொடுத்துப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கச் சைகை ஒன்று வையுங்கள், உள்ளங்கையை விரித்து அரை வினாடி நிறுத்தினால்தான் அடுத்த அசைவைக் கட்டளையாக எடுக்கும் என்பதுபோல. இடதுகைக்காரர்கள், வளையல் போட்டவர்கள், பல நிறத் தோல் உள்ளவர்கள், மங்கலான வகுப்பறை என்று எல்லாவற்றிலும் சோதியுங்கள். குழுவில் உள்ள நால்வரின் கையில் மட்டும் நன்றாக வேலை செய்வது தேர்வாளர் கையில் சொதப்பும்.

பிறகு டெப்த் கேமராவே வாங்கினீர்கள் என்றால், செய்முறை காட்டும் நாளில் வெயில் விழும் ஜன்னல் பக்கம் மேசையைப் போடாதீர்கள். சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம், உங்கள் கேமராவின் வெளிச்சம் அதில் காணாமல் போய்விடும்.